விட்டில் பூச்சிப் பந்தயம்

பழைய விமானங்களைப் பார்ப்பதற்கென்று ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவிடுவேன் என்று யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். என்னைப் பொறுத்தவரையில் விமானம் என்பது ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, இறங்குகிற வரையில் குலதெய்வத்தை நினைத்துக்கொண்டிருப்பதற்கான ஒரு வாகனம். பெண்ணைப் பார்க்க இங்கிலாந்துக்குப் போயிருந்த சமயத்தில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாப்பிள்ளைக்கு இயந்திரங்கள் என்றால் அலாதிப் பிரியம். "மாமா, இன்றைக்கு ஓர் இடத்துக்குப் போகலாம். கோட்டையும் இல்லை, மாதா கோவிலும் இல்லை. ஆனாலும் உங்களுக்குப் பிடிக்கும்" என்றார். மாப்பிள்ளை ஆசையாகக் கூப்பிட்டால் மறுக்க முடியுமா? கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பெட்போர்டுஷயரில் ஓல்ட் வார்டன் என்ற சின்னக் கிராமம் அது. விமான நிலையம் என்று பெயரே தவிர, சிமெண்டுப் பாதை கிடையாது, பசும்புல் தரைதான். ரிச்சர்டு ஷட்டில்வொர்த் என்ற பணக்கார வாலிபர் பழைய மோட்டார்களையும் விமானங்களையும் சேர்த்து வைத்த இடம். 1940-ல் யுத்த காலப் பயிற்சியின்போது விமான விபத்தில் அவர் இறந்துபோனார். அப்போது வயது 31. பிள்ளையின் நினைவாகத் தாயார் அந்தச் சேகரத்தை ஒரு தர்ம ஸ்தாபனமாக்கினார். அங்குள்ள விமானங்களுக்கு ஒரு விசேஷம் உண்டு. பொம்மைக் கொலுவைப் போல் வெறுமனே வைத்திருப்பதில்லை. காற்றும் வானமும் ஒத்துக்கொண்டால் அவை இன்றைக்கும் பறக்கின்றன.

கூட்டம் முழுவதும் சிவப்பு வர்ணம் அடித்த ஒரு விமானத்தைச் சுற்றி நின்றது. 1934-ல் இங்கிலாந்திலிருந்து மெல்போர்னுக்கு நடந்த பெரிய பந்தயத்தில் ஜெயித்த 'காமெட்' அது. ராஜகுமாரிபோல் நின்றது. என் கண் ஏனோ அதில் தங்கவில்லை. சற்றுத் தள்ளி, இரண்டு அடுக்கு இறக்கையோடு, மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்திய இன்னொரு விமானம் நின்றது. 'மாத்' என்று அதன் பெயர். 1932-ல் ஷட்டில்வொர்த் முதன்முதலாக வாங்கிய விமானம் அதுதானாம். பக்கத்தில் ஒரு கிழவர், எண்ணெய்க் கறை படிந்த கையில் ஸ்பார்க் பிளக் ஒன்றை ஏந்திக்கொண்டு, அரிசியில் கல் பார்ப்பதுபோல் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பிளக்கைப் பார்த்ததும் எனக்கு 1930-ம் வருஷத்துப் பந்தயம் ஒன்று ஞாபகத்துக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு அதைச் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல எனக்கும் அவருக்கும் வாக்குவாதம் முற்றிவிட்டது. அந்த வாக்குவாதம்தான் இந்தக் கட்டுரை.

முதலில் விமானத்தைப் பற்றிக் கொஞ்சம். 'மாத்' என்றால் விட்டில் பூச்சி. இதைச் செய்த ஜெப்ரி டி ஹாவிலண்டுக்குப் பூச்சிகளில் மிகுந்த ஆர்வம். இறக்கைகளைப் பூச்சியைப் போலவே பின்பக்கமாக மடக்கிவிடலாம். மடக்கினால் ஒரு கொட்டகையில் அடங்கிவிடும். மோட்டார் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டும் போகலாம். 1925-ல் முதல் மாத் பறந்தது. 1928-ல் ஜிப்ஸி என்ற புது எஞ்சினைப் பொருத்தி 'ஜிப்ஸி மாத்' ஆக்கினார்கள். ஏறக்குறைய நூறு குதிரைச் சக்தி; மணிக்கு 85 மைல் சுமாரான வேகம். புதிது ஒன்றின் விலை 650 பவுன். இந்தியாவில் அப்போதுதான் தோன்றிக்கொண்டிருந்த விமானச் சங்கங்களில், பம்பாயிலும் டில்லியிலும் கராச்சியிலும், வாலிபர்கள் பறக்கக் கற்றது இந்தப் பூச்சியில்தான்.

ஓட்டுகிறவருக்குத் தலைக்கு மேலே கூரை கிடையாது. மழை பெய்தால் நனைய வேண்டும். பாலைவனத்தில் மணல் அடித்தால் தின்ன வேண்டும். ரேடியோ இல்லை. பிரேக்கும் இல்லை. பெட்ரோல் மேல் இறக்கையில் உள்ள தொட்டியிலிருந்து தானாகவே கீழிறங்கி எஞ்சினுக்கு வரும். கிளப்புவதற்கு ஒருவர் முன்னால் நின்று விசிறியைக் கையால் சுற்ற வேண்டும். வழி கண்டுபிடிக்க ஒரு திசைகாட்டி, மடியில் ஒரு வரைபடம், கீழே ரயில் பாதையோ கடற்கரையோ தெரிந்தால் அது. தெரியாவிட்டால் கடவுள்.

இப்படிப்பட்ட வாகனத்தில் இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் நடுவே, ஏறத்தாழ 5,000 மைல் தூரம், தன்னந்தனியாக முதலில் பறந்து முடிக்கும் இந்தியருக்கு 500 பவுன் பரிசு என்று 1929-ம் வருஷக் கடைசியில் ஆகா கான் அறிவித்தார். கணக்குப் பார்க்கிறவர்கள் உடனே கவனித்திருப்பார்கள்: பரிசுத் தொகை விமானத்தின் விலையைவிடக் குறைவு! ஆகா கான் கராச்சியில் பிறந்தவர். இஸ்மாயிலி சமூகத்தின் தலைவர். பந்தயக் குதிரைகளுக்கும் பேர்போனவர். அதே 1930-ல், ஜூன் மாதம், அவருடைய பிளெனிம் என்ற குதிரை எப்ஸம் டெர்பியில் ஜெயித்தது. ஒரே வருஷத்தில் தரையில் ஒரு பந்தயம், ஆகாயத்தில் ஒரு பந்தயம். தரையில் ஓடிய குதிரைகளாவது பழகிய குதிரைகள். ஆகாயத்தில் ஓடியவர்கள் மூன்று பேரும் பந்தயத்துக்குப் புதியவர்கள்.

வினோதமான பந்தயம் அது. புறப்படும் கோடு கிடையாது; கொடி அசைக்க ஆள் கிடையாது. எல்லோரும் ஒரே நாளில் கிளம்ப வேண்டும் என்ற நியதியும் இல்லை. எந்தப் பக்கத்திலிருந்து வேண்டுமானாலும் கிளம்பலாம். ஒருவர் கிழக்கே பார்த்துப் போவார், இன்னொருவர் மேற்கே பார்த்து வருவார். போட்டியாளரைப் பின்னால் திரும்பிப் பார்த்துப் பயனில்லை. அவர் எதிரே வந்துகொண்டிருப்பார். ஒரே ஒரு கண்டிப்பு: கிளம்பிய தேதியிலிருந்து குறித்த கெடுவுக்குள் முடித்துவிட வேண்டும். இந்தக் கெடுவை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அது ஒரு மனிதரின் தலையில் விழப்போகிறது.

முதலில் கிளம்பியவர் அந்த மனிதர்தான். மன்மோகன் சிங், ராவல்பிண்டிக்காரர். இங்கிலாந்தில் பிரிஸ்டலில் எஞ்சினீரிங் படித்தவர். தம்முடைய ஜிப்ஸி மாத்துக்கு 'மிஸ் இந்தியா' என்று பெயர் எழுதி வைத்திருந்தார். இங்கிலீஷில் 'மிஸ்' என்றால் குமாரி என்றும் அர்த்தம், தவறவிடுவது என்றும் அர்த்தம். லண்டனில் விமானப் பத்திரிகை ஒன்று இதைப் பிடித்துக்கொண்டு, பெயருக்கேற்றபடி இவர் இந்தியாவைத் தவறவிட்டுவிடுவார் போலிருக்கிறது என்று கேலி செய்தது. ஹாஸ்யம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குளிர்காலத்தில், 1930 ஜனவரியில், திறந்த விமானத்தில் கிளம்பிய 23, 24 வயதுப் பிள்ளையைப் பார்த்துக் கணப்படுப்பின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எழுதிய ஹாஸ்யம் அது. தெற்கு இத்தாலியின் மலைகளில் மூடுபனி அவரை மடக்கிற்று. விமானம் சேதப்பட்டது. திரும்பிப் போய்ச் சரிசெய்துகொண்டு மறுபடி கிளம்பினார்.

இரண்டாமவர் அஸ்பி எஞ்சினீர். கராச்சிப் பார்ஸிக் குடும்பத்துப் பையன். பையன் என்று சொல்வது மரியாதைக் குறைவாக அல்ல. உண்மையாகவே அவருக்கு அப்போது 17 வயது. நம் வீடுகளில் அந்த வயதுப் பிள்ளை சைக்கிளில் பக்கத்து ஊருக்குப் போய்வருகிறேன் என்றாலே தாயார் வாசலில் வந்து நிற்பாள். அஸ்பி 1930 மார்ச்சில், ஆர். என். சாவ்லா என்பவரோடு சேர்ந்து, ஜிப்ஸி மாத்தில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குப் பறந்து போனார். இந்தியர்கள் அந்தப் பாதையில் பறந்தது அதுவே முதல் தடவை. ஆனால் இருவர் சேர்ந்து போனதால் அது பரிசுக்குச் செல்லாது. போன பிள்ளை என்ன செய்தார்? தனியாகத் திரும்பி வருகிறேன் என்று ஏப்ரல் 25-ந் தேதி கிராய்டனிலிருந்து கிளம்பிவிட்டார்.

மூன்றாமவர் பெயரைச் சொன்னாலே போதும், அறிமுகம் வேண்டியதில்லை: ஜே. ஆர். டி. டாட்டா. அப்போது வயது 25. தகப்பனார் பார்ஸி, தாயார் பிரெஞ்சு மாது. பிள்ளைப் பிராயத்தில் விடுமுறைக்கு வடக்குப் பிரான்ஸில் ஆர்டலோ கடற்கரைக்குப் போவார்கள். அங்கே பக்கத்து வீடு யாருடையது தெரியுமோ? 1909-ல் இங்கிலீஷ் கால்வாயைப் பறந்து கடந்தாரே, அந்த லூயி பிளேரியோவுடையது. கடற்கரை மணலில் விமானம் வந்து இறங்குவதைப் பார்த்துப் பார்த்து அந்தச் சிறுவனின் மனத்தில் ஓர் ஆசை புகுந்துகொண்டது. 15-வது வயதில் அதே கடற்கரையில் முதல் தடவையாக விமானத்தில் ஏறினார். 1929 பிப்ரவரி 10-ந் தேதி பெற்ற சான்றிதழ், இந்தியாவில் கொடுக்கப்பட்ட முதல் விமானி லைசென்ஸ். ஆனால் பந்தயத்தன்று அந்த லைசென்ஸுக்கு வயது 15 மாதம்கூட ஆகவில்லை. 1930 மே 3-ந் தேதி கராச்சியிலிருந்து மேற்கு நோக்கிக் கிளம்பினார்.

அந்தத் தேதிகளைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 1930 ஏப்ரல் 13-ந் தேதி ராஜாஜி திருச்சியிலிருந்து கால்நடையாகக் கிளம்பி 28-ந் தேதி வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார். ஏறக்குறைய 150 மைல்; 15 நாள். ஜிப்ஸி மாத்துக்கு இரண்டு மணி நேர வேலை. உப்பு யாத்திரை முடியும் தறுவாயில் ஒரு பையன் கிராய்டனில் விமானத்தைக் கிளப்பினான். டாட்டா கராச்சியை விட்டு மூன்றாம் நாள் அதிகாலையில், மே 5-ந் தேதி, மகாத்மா கைது செய்யப்பட்டார். தேசம் முழுவதும் நடந்துகொண்டிருந்த சமயத்தில் மூன்று பேர் பறந்துகொண்டிருந்தார்கள். இதில் ஒன்றை உயர்த்தி ஒன்றைத் தாழ்த்த எனக்கு விருப்பமில்லை. ஒரே மாதத்தில் ஒரே தேசத்தில் இரண்டும் நடந்தன என்பதே எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. அதே மே 5-ந் தேதி, அதே கிராய்டனிலிருந்து, ஆமி ஜான்ஸன் என்ற இங்கிலீஷ் பெண்மணி அதே ஜிப்ஸி மாத் ரக விமானத்தில் ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகக் கிளம்பினார். மே 10-ந் தேதி கராச்சிக்கு வந்து, 24-ந் தேதி டார்வினில் இறங்கி உலகப் புகழ் பெற்றார். அவருக்கும் நீண்ட பிரயாணம் அதுவே முதல். ஆக, அந்த மே மாதத்தில் அந்த வழி நெடுக இந்த விட்டில் பூச்சிகள்! உலகப் பத்திரிகைகளின் கண் ஆமியின்மேல் இருந்தது. அவருடைய 'ஜேஸன்' இன்றைக்கு லண்டன் விஞ்ஞானக் காட்சிசாலையில் தொங்குகிறது. மற்றப் பூச்சிகளைப் பற்றி நாம்தான் பேசிக்கொள்ள வேண்டும்.

கராச்சியிலிருந்து மேற்கே போகிற வழி எப்படி? பாரசீக வளைகுடாவின் வடகரையை ஒட்டி ஜாஸ்க், லிங்கே, புஷயர், பிறகு பஸ்ரா, பாக்தாத். இடது பக்கம் கடல், வலது பக்கம் மொட்டை மலை. பாக்தாதுக்கு அப்பால் பாலைவனம். அங்கே வழி தவறினால் கேட்க ஆள் கிடையாது. அதனால் 1921-ல் பிரிட்டிஷ் விமானப் படையார் ஒரு காரியம் செய்தார்கள். விமானத்திலிருந்து பார்த்தால் தெரியும்படி, பாலைவனத் தரையில் நூற்றுக்கணக்கான மைலுக்கு மோட்டார்ச் சக்கரத் தடத்தாலும் கலப்பையாலும் கோடு இழுத்துவிட்டார்கள். ஆகாயத்தில் போகிறவனுக்காக மண்ணில் உழுத சால்! நடுவில் ருத்பா என்ற கோட்டை. கிணறும் பெட்ரோலும் அங்கே கிடைக்கும். அப்புறம் காஸா, கெய்ரோ, அலெக்ஸாண்ட்ரியா.

அலெக்ஸாண்ட்ரியாவுக்குப் பக்கத்தில் அபூகீர் என்று ஓர் இடம். நெல்ஸன் 1798-ல் நெப்போலியனுடைய கப்பல் படையை அழித்த குடாக்கடல். 1930-ல் அங்கே பிரிட்டிஷ் விமானப் படையின் தளம் இருந்தது. டாட்டா அங்கே இறங்கியபோது இன்னொரு ஜிப்ஸி மாத் நிற்பதைப் பார்த்தார். அஸ்பியுடையது. கிழக்கே போகிறவரும் மேற்கே போகிறவரும் நடு வழியில் சந்தித்துவிட்டார்கள்.

அஸ்பி ஏன் பறக்காமல் அங்கே நிற்கிறார்? பிளக் கெட்டுவிட்டது. மாற்றுப் பிளக் கையில் இல்லை. வந்து சேரட்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறார்.

மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும். எண்ணெயும் கரியும் படிந்து பிளக்கின் முனை அடைத்துக்கொண்டால் பொறி விழாது. பொறி விழாவிட்டால் எஞ்சின் இருமும், திணறும், நின்றுவிடும். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மழைக்கால ராத்திரியில் என் பழைய மோட்டார் சைக்கிள் அப்படி நின்றுபோனது. முன்பின் அறியாத லாரி டிரைவர் ஒருவர் வண்டியை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, வேட்டித் தலைப்பால் துடைத்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். பெயர்கூடக் கேட்கவில்லை. நான் நின்றது நெடுஞ்சாலையில். கீழே தரை இருந்தது. ஜிப்ஸி எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிளக்காக எட்டு. ஒன்று போனாலும் எஞ்சின் உடனே நின்றுவிடாது, தள்ளாடிக்கொண்டு ஓடும். ஆனால் அப்படித் தள்ளாடுகிற எஞ்சினை நம்பிப் பாலைவனத்துக்கு மேலே யார் போவார்கள்?

டாட்டாவிடம் உபரிப் பிளக் இருந்தது. எடுத்துக் கொடுத்தார். அஸ்பி மாட்டிக்கொண்டு கிழக்கே பறந்தார். டாட்டா மேற்கே பறந்தார். டாட்டா லண்டனைத் தொடுவதற்கு முன்பே அஸ்பி கராச்சியில் இறங்கிவிட்டார். பரிசு அஸ்பிக்கு.

இந்த இடத்தில்தான் மாப்பிள்ளை குறுக்கிட்டார். "என்ன மாமா இது? பிளக் கொடுக்காமல் பேசாமல் போயிருந்தால் டாட்டா ஜெயித்திருப்பாரே. பந்தயம் என்று வந்த பிறகு இதெல்லாம் எதற்கு?"

"மாப்பிள்ளை, உங்களிடம் இரண்டு பேனா இருந்து, பரீட்சையில் பக்கத்துப் பையனுக்கு ஒன்றும் இல்லாவிட்டால் கொடுக்க மாட்டீர்களா?" என்றேன்.

"பரீட்சை வேறு. அங்கே இரண்டு பேரும் முதல் வகுப்பு வாங்கலாம். பரிசு ஒன்றுதானே?"

வாய் அடைத்துப்போனேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். புத்திசாலி மாப்பிள்ளை வாய்த்தால் இந்தச் சங்கடம் உண்டு. ஆனால் சமாதானம் ஏற்படவில்லை. யோசித்துப் பார்த்தேன். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் டாட்டாவைக் கர்ணனாக்கிவிடுகிறார்கள். கவச குண்டலத்தை அறுத்துக் கொடுத்ததுபோல் சொல்கிறார்கள். அதுவும் எனக்குச் சம்மதமில்லை. தம் எஞ்சினிலிருந்து கழற்றியா கொடுத்தார்? உபரியாக இருந்ததைக் கொடுத்தார். அவர் இடத்தைக் கற்பனை செய்து பாருங்கள். இறங்கி வருகிறீர்கள், எதிரே உங்கள் ஊர் மொழி தெரிந்த 17 வயதுப் பையன், எண்ணெய்க் கையோடு நிற்கிறான். பெட்டியில் பிளக் இருக்கிறது. 'என்னிடம் இல்லை, தம்பி' என்று பொய் சொல்லிவிட்டுப் போய் எந்த முகத்தோடு அடுத்த ஊரில் இறங்குவது? கொடுப்பது பெரிய தியாகம் என்பதைவிட, கொடுக்காமலிருப்பது பெரிய வெட்கம் என்பதுதான் எனக்குப் படுகிறது. மேலும் அந்தக் காலத்து ஆகாயத்தில் நடுவரும் இல்லை, போலீஸும் இல்லை, ரேடியோவும் இல்லை. ஒருவன் காணாமல் போனால், கடைசியாக அவனை எங்கே பார்த்தோம் என்று சொல்லக்கூடியவன் அவனுடைய போட்டியாளன்தான். இன்றைக்கு அபூகீரில் அவனுக்குப் பிளக் கெட்டது. நாளைக்கு வேறிடத்தில் எனக்குக் கெடலாம். லாரி டிரைவர்களுக்குத் தெரிந்த தர்மம் இது.

இதை மாப்பிள்ளையிடம் சொன்னேன். "அப்படியானால் டாட்டா செய்தது சாதாரணக் காரியம் என்கிறீர்களா?" என்று கேட்டார். ஆமாம், சாதாரணக் காரியம்தான். அதைச் சாதாரணமாகச் செய்தார் என்பதால்தான் எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. பிற்காலத்தில் அவரே இதைப் பற்றிப் பேசியபோது, அஸ்பி ஜெயித்ததில் தமக்குச் சந்தோஷம், விமானப் படையில் சேர அது அவருக்கு உதவியாக இருந்தது என்ற பொருளில்தான் சொன்னார். தாம் கொடுத்ததைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்ளவில்லை.

என் மனம் உண்மையில் போய் நிற்பது மன்மோகன் சிங்கிடம். அவரும் பிடிவாதமாக முழுத் தூரமும் தனியாகப் பறந்து இந்தியா வந்து சேர்ந்தார். பத்திரிகைக்காரனின் கேலி பொய்த்துப் போயிற்று. ஆனால் வழியில் பலவந்தமாக இறங்க நேர்ந்து நாட்கள் கழிந்துவிட்டன. கெடு தாண்டிவிட்டது என்று சொல்லிப் பரிசு இல்லை என்றார்கள். விதி விதிதான், ஆகா கானைக் குறை சொல்லப் போவதில்லை. ஆயினும் காகிதத்தில் நாட்களை எண்ணுகிறவர்களுக்கு மூடுபனி தெரியாது. அஸ்பிக்குப் பிளக் கொடுக்க டாட்டா எதிர்ப்பட்டார். மூடுபனியில் இறங்கியவனுக்கு எதிரே யார் வருவார்கள்?

மன்மோகன் சிங் பறப்பதை விட்டுவிடவில்லை. பின்னர் ஆப்பிரிக்காவின் தென்கோடியில் உள்ள கேப் டவுன் வரைக்கும் இங்கிலாந்திலிருந்து தனியாகப் பறந்தார். யுத்தம் வந்தபோது விமானப் படையில் சேர்ந்து, கடலில் இறங்கும் பெரிய காடலினா விமானங்களை ஓட்டினார். 1942 மார்ச் 3-ந் தேதி ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையில் புரூம் என்ற துறைமுகத்தை ஜப்பானிய விமானங்கள் தாக்கின. ஜாவாவிலிருந்து தப்பிவந்த பெண்களையும் குழந்தைகளையும் சுமந்துகொண்டு டச்சு விமானங்கள் பல குடாக்கடலில் மிதந்துகொண்டிருந்தன. அந்தக் காலைப் பொழுதில் அங்கே இறந்தவர்களில் அவரும் ஒருவர்.

அஸ்பியின் கதை வேறு மாதிரி. கிரான்வெல் விமானப் படைக் கல்லூரியில் பயின்று, 1932-ல் ஏற்பட்ட இந்திய விமானப் படையின் ஆரம்ப கால அதிகாரிகளில் ஒருவரானார். சகோதரர்களும் பின்னாலேயே விமானப் படைக்கு வந்தார்கள். 1960 டிசம்பரில் அவர் விமானப் படைத் தளபதியானார். சீன யுத்தம் நடந்த 1962-ல் அந்த நாற்காலியில் இருந்தவர் அவரே. பிறகு ஈரானுக்குத் தூதராகவும் போனார். 17 வயதில் எந்தக் கரையை ஒட்டிப் பறந்தாரோ அந்தக் கரைக்கே! 2002-ல் காலமானார்.

பந்தயம் முடிந்து இரண்டு வருஷம் கழித்து டாட்டா கராச்சிக்கு மறுபடி வந்தார். இந்தத் தடவை பந்தயம் அல்ல, தபால். 1932 அக்டோபர் 15-ந் தேதி, கராச்சி டிரிக் ரோடு நிலையத்திலிருந்து 'புஸ் மாத்' என்ற விமானத்தில் 25 கிலோ தபாலை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பூச்சிக் குடும்பத்தில் இது கூரை போட்ட பூச்சி. ஆமதாபாத்தில் இறங்கியபோது பெட்ரோல் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தது; டின் டின்னாக ஊற்றிக்கொண்டார்கள். பிற்பகலில் பம்பாய் ஜூஹூ. அங்கிருந்து தபாலை வாங்கிக்கொண்டு நெவில் வின்சென்ட் என்ற விமானி பெல்லாரி வழியாகச் சென்னைக்குப் பறந்தார். லண்டனிலிருந்து ஆகாய மார்க்கமாகக் கராச்சி வந்த கடிதம் இப்படித்தான் நம் ஊர்க்காரர்கள் கைக்கு வந்தது. யாருக்கு என்ன சேதி வந்ததோ! வேலை கிடைத்தது என்றோ, பரீட்சை தேறவில்லை என்றோ, வெள்ளைக்காரியைக் கல்யாணம் செய்துகொண்டேன் என்றோ. திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் திண்ணையில் உட்கார்ந்து உறையைக் கிழித்தவர்களில் எத்தனை பேர் தலையைத் தூக்கி ஆகாயத்தைப் பார்த்திருப்பார்கள்?

50 வருஷம் கழித்து, 1982 அக்டோபர் 15-ந் தேதி, டாட்டா அதே கராச்சியிலிருந்து பம்பாய்க்கு மறுபடி பறந்தார். இந்தத் தடவை 'லெப்பர்ட் மாத்'. அதுவும் 1930-களின் சரக்குத்தான். ஓட்டியவருக்கு வயது 78. தேக நிலையும் விமான நிலையும் ஏறக்குறைய ஒரே மாதிரி என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார். ஜூஹூவில் பத்திரமாக இறக்கினார்.

இவ்வளவையும் நான் சொல்லி முடிப்பதற்குள் ஓல்ட் வார்டனில் காற்று தணிந்துவிட்டது. கிழவர் பிளக்கை மாட்டி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, விசிறியின் முன்னால் போய் நின்றார். உள்ளே உட்கார்ந்திருந்த வாலிபன் கட்டை விரலை உயர்த்தினான். முதல் சுற்றில் எஞ்சின் கிளம்பவில்லை. இரண்டாம் சுற்றிலும் இல்லை. கிழவர் எதையோ முணுமுணுத்துவிட்டு மூன்றாவது முறை இழுத்தார். பொட்டென்று ஒரு வெடி, நீலப் புகை, அப்புறம் தையல் இயந்திரம் ஓடுவதுபோல் ஒரு சத்தம். புல்லின்மேல் குலுங்கிக்கொண்டே போய், நான் எதிர்பாராத இடத்தில், மெத்தென்று எழும்பிற்று.

கிழவர் எங்கள் பக்கம் வந்தபோது மாப்பிள்ளை அவரிடம் ஒரு கேள்வி கேட்டார். தூரப் பிரயாணம் போகும்போது உபரிப் பிளக் எத்தனை எடுத்துப் போவது வழக்கம் என்று.

"எட்டு," என்றார் கிழவர். பிறகு சற்று யோசித்து, "இன்னும் ஒன்றிரண்டு கூட இருந்தால் நல்லது. எதிரே யாராவது வந்தால் கேட்பார்கள்" என்றார்.

மாப்பிள்ளை என் பக்கம் திரும்பவே இல்லை. விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.